ஏழாம் நம்பர் நாற்காலி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்தால் போதும், அணைக்க வேண்டாம். இது அதனுடைய முன்னோர் கதையும்தான், அதுவும் கேட்கட்டும். ஒரே ஒரு சேதியை அடித்துக் கொடுத்ததற்காக இருபத்தைந்து வருஷம் பழி சுமந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நடுவில் கண் கலங்கினால் துடைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது அழ விடமாட்டேன்.

அன்று காலை ஏழரை மணி இருக்கும். அந்த வீட்டில் மூன்று போன்கள் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்றன. சாப்பாட்டு மேஜையில் கிடந்தது ஒன்று, கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த மகளுடையது ஒன்று, உள் அறையில் கட்டிலோரம் இருந்த மாமியாருடையது ஒன்று. அடுப்படியில் நின்ற பெரியவளின் போன் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

பெரியவள் என்றால் அந்த வீட்டு மூத்த மருமகள். மேஜையருகே டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறிக் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் தெருவே அவரை ‘லைன்மேன்’ என்றுதான் கூப்பிடும்.

சத்தம் வந்தது ‘நம்ம குடும்பம்’ என்ற குழுவிலிருந்து. நாலு வருஷத்துக்கு முன் லைன்மேனின் தம்பி, நாம் சின்னவன் என்று சொல்லிக்கொள்வோம், அவன் ஆரம்பித்தது. இருபத்தாறு பேர். சம்பந்திக்குச் சம்பந்தியெல்லாம் அதில் உண்டு. பெரியவள் மட்டும் இல்லை.

“அம்மா...” மகள் சீப்பைக் கீழே வைத்தாள். “சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பத்திரிகை போட்டிருக்காரு.”

“அப்படியா! மாப்பிள்ளை என்ன வேலையாம்?” பெரியவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

மகள் போனைக் காட்டவில்லை. லைன்மேன்தான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “‘அம்மா, அண்ணன், அண்ணன் மகள் மூவரும் முதல் நாளே வந்துவிடவும்.’ மூவரும்! பாத்தியா? எண்ணிப் போட்டிருக்கான் உன் கொழுந்தன். நாலுன்னு எண்ண வரல அவனுக்கு!”

“இருக்கட்டும்ங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்.”

“வீடு எங்க ஓடிப்போகுது, நீ பாத்துக்க?” டீ டம்ளரை அவர் வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. “நான் போகல. என் பொண்டாட்டிக்கு இடமில்லாத பந்தல்ல எனக்கு என்ன வேலை? எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போக மாட்டேன். இதோட முடிஞ்சுது அந்த உறவு!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! அத்தைக்கு எண்பத்தொண்ணு. அவங்க பெத்த புள்ள முகத்தை, பேத்தி கல்யாணத்தை அவங்க பாக்க வேணாமா? என்னால ஒரு தாயும் மகனும் பிரியணுமா?”

“உன்னாலயா...” லைன்மேன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றார். குரல் இறங்கிவிட்டது. “இருபத்தஞ்சு வருஷம் நான் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்கறேன். அன்னைக்கு அந்தச் சேதியைச் சொன்னது யாரு?”

பெரியவள் கரண்டியைப் பார்த்தாள். “கூப்பிட்டது யாருன்னு சொல்றது ஆபரேட்டருக்கு அழகில்ல.”

“அடி கிறுக்கி! அந்தக் கம்பெனியை மூடி இருபது வருஷமாச்சு!”

“கம்பெனியைத்தானே மூடினாங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உள் அறைக் கட்டிலில் படுத்திருந்த மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் மங்கல், காது மட்டும் பாம்புக் காது.

என்ன சேதி, என்ன கம்பெனி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

உங்களில் பாதிப்பேர் பேஜரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இடுப்பு வாரில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பேச முடியாது. வருகிற சேதியைப் படிக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்குச் சேதி சொல்ல வேண்டியவர் ஒரு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே ஒரு பெண் எடுப்பாள். அவளிடம் சேதியைச் சொன்னால் அவள் தட்டச்சு செய்து அனுப்புவாள். உங்கள் இடுப்பில் ‘பீப் பீப்’ என்று கத்தும். அந்தக் காலத்தில் அது கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். பெரிய மனிதர் என்று அர்த்தம்!

அந்த நிலையத்தில் எட்டு நாற்காலி. ஏழாவது நம்பர் நாற்காலி பெரியவளுடையது. ஒவ்வொரு சேதியின் கடைசியிலும் அடித்தவளின் நாற்காலி எண் விழும். வேலையில் மூன்று சட்டம். சொன்னதைச் சொன்னபடி அடி. ஒரு சொல்லைக் கூட்டாதே, குறைக்காதே. யார் சொன்னார் என்பதை யாரிடமும் சொல்லாதே, அவராகப் பெயர் போடச் சொன்னால் மட்டும் போடு. மூன்றாம் நாற்காலிக்காரி ஒருத்தி, ‘இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்’ என்று ஒருவன் சொன்னதை ‘கொஞ்சம் கோபமாக இருக்கிறேன்’ என்று மாற்றி அடித்து, அன்றைக்கே வேலை போய் வீட்டுக்குப் போனாள். நல்ல மனசுக்காரிதான். என்ன செய்ய?

சின்னவனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. முதல் வேலை. வேறு ஊரில் பயிற்சி, வேலைக்கு எடுத்த கம்பெனி கொடுத்த பேஜர் இடுப்பில். அந்த ஊருக்கும் சேதி பெரியவளின் நிலையம் வழியாகத்தான் போகும். இங்கே அவன் அப்பாவுக்கு, அதாவது பெரியவளின் மாமனாருக்கு, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சேதி தெரிந்து அவன் பையோடு கிளம்பி நின்றான். அன்றைக்குத்தான் பயிற்சிக்காரர்களை எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலைக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறார்கள். போகாதவனுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வண்டி ஏறுவதா, தொழிற்சாலைக்கு வண்டி ஏறுவதா? இரண்டுக்கும் நடுவில் நின்றவன் இடுப்பில் பேஜர் கத்தியது.

“அப்பா நலம். பயப்படாதே. வர வேண்டாம். வேலையை முடி. 7.”

நிம்மதியாகத் தொழிற்சாலை வண்டியில் ஏறிவிட்டான். பேஜர் அந்த ஊர் எல்லைக்குள்தான் வேலை செய்யும். எல்லை தாண்டியதும் அது வெறும் பெட்டி. அன்று பிற்பகல் அப்பா போய்விட்டார். அதன் பிறகு அனுப்பிய எந்தச் சேதியும் அவனை எட்டவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்குத் திரும்பியவனிடம் வாசல் காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அப்பாவின் செருப்பை மட்டும் யாரோ வாசலோரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கூடத்தில் உறவுக் கூட்டம். சின்னவன் நேரே பெரியவளிடம் வந்தான். பேஜரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“ஏழாம் நம்பர் நீங்கதானே? சொல்லுங்க அண்ணி! நீங்கதானே அடிச்சீங்க?”

பெரியவள் மாமியாரைப் பார்த்தாள். மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்த அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவளுக்கு அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. “ஆமா தம்பி. நான்தான் அடிச்சேன்.”

பொய்யில்லையே கண்ணுகளா! அடித்தது அவள்தானே?

“என் சம்பளம் நின்னுடும்னு பயமா உங்களுக்கு? எங்கப்பா முகத்தைக்கூடக் காட்டாம பண்ணிட்டீங்களே... நீங்க மனுஷிதானா? இனி உங்க குரலே என் காதுல விழக்கூடாது!”

சொன்னதைக் காப்பாற்றினான் பாவி, இருபத்தைந்து வருஷம்.

அதற்குள் போன்கள் எத்தனை அவதாரம் எடுத்துவிட்டன! செங்கல் மாதிரி முதல் செல்போன் வந்தபோது, அழைத்தவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. சின்னவன் ஞாயிற்றுக்கிழமை சரியாக ஒரு நிமிஷம் அம்மாவோடு பேசுவான். பிறகு மிஸ்டு கால் காலம் வந்தது. ஒரு மணி அடித்து நின்றால் ‘சுகம்’, இரண்டு அடித்தால் ‘கூப்பிடு’. பிறகு பொத்தான் போன், பிறகு தடவுகிற போன். எந்தப் போன் வந்தாலும் கண் தெரியாத மாமியாருக்கு எண்ணைப் போட்டுக் கொடுப்பது பெரியவள்தான். மணி அடிக்கத் தொடங்கியதும் அத்தையின் காதில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவாள். தன் இருமல் கேட்டால்கூட அவன் வைத்துவிடுவான் என்ற பயம். மொட்டை மாடியில் போய்க் காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டுவிட்டு வருவாள்.

இதற்கு நடுவில் பேஜர் நிலையத்தை மூடினார்கள். டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தாள், அதையும் மூடினார்கள். ரீசார்ஜ் கடைக்குப் போனாள், அதுவும் போயிற்று. “நீ கால் வச்ச தொழிலையெல்லாம் செல்போன் முழுங்கிடுச்சு. அடுத்து என்னை முழுங்காம பாத்துக்கோ” என்று லைன்மேன் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அந்த வீட்டில் இப்படிச் சிரிப்பதற்கு அவர்கள் இரண்டு பேராவது இருந்தார்கள், நல்லவேளை.

சரி, அன்று காலைக்கு வருவோம்.

பெரியவள் துணி வாளியோடு மாடிக்குப் போன நேரம். மாமியார் எழுந்து உட்கார்ந்தாள். பேத்தி கழித்துக் கொடுத்த போன் தலையணை அருகே இருந்தது. இந்த இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு விரலை எடுத்தால் சேதி போய்விடும் என்று பேத்தி போன மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாமியார் போனைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்தாள். சின்னவன் படம் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தொட்டாள்.

அது சின்னவன் தனியாக வைத்த படமில்லை. ‘நம்ம குடும்பம்’ குழுவின் படம். அவன் முன்வரிசையில் நின்றான், அவ்வளவுதான். பின்னால் நின்ற ஊரெல்லாம் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது கண்ணுகளா. அந்த அம்மாளுக்குச் சேதி என்றால் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு பெண், அவள் கையில் தட்டச்சு. வேறு விதமாக அவள் கற்றுக்கொண்டதே இல்லை.

லைன்மேன் போனும் மகள் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. மகள் பார்த்தாள். “பாட்டி ஏதோ பேசி அனுப்பியிருக்காங்கப்பா!” சிரித்துக்கொண்டே தட்டினாள்.

கூடம் முழுக்க அந்த நடுங்கும் குரல் எழுந்தது.

“ஆபரேட்டரம்மா... இருக்கியாம்மா? எழுதிக்கோ. என் சின்னப் புள்ளைக்குச் சேதி. நீளமாப் போனா கோச்சுக்காத, எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது... டேய் ராசா. அப்பா நல்லாருக்காரு, வராதேன்னு அன்னைக்கு ஒரு சேதி வந்துதே... அதைச் சொன்னது உங்க அண்ணி இல்லடா. நான். நான்தான்டா! ஆஸ்பத்திரி வாசல்ல காசு போடற டப்பா போன்லேர்ந்து சொன்னேன். பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொன்னாரு, அதை நம்பிட்டேன். உன் வேலை போயிடக் கூடாதுன்னு நெனச்சேன். என் நேரம், லைன் அவ நாற்காலிக்கே போச்சு. என் குரலைக் கண்டுபிடிச்சிட்டா. ‘வேணாம் அத்தை, தம்பி வரட்டும் அத்தை’ன்னு கெஞ்சினா. நான்தான் அதட்டினேன், நீ இப்ப மருமக இல்ல, சொன்னதை அடின்னு. பேர் போடவான்னு கேட்டா. வேணாம்னுட்டேன்... நீ அவளைத் திட்டினப்போ என் நாக்கு எழும்பலடா. புருஷன் போன கையோட புள்ளையும் போயிடுவானோன்னு பயந்து, அவளைத் தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு நாள் பயம்னு நெனச்சேன். இருபத்தஞ்சு வருஷம் ஆயிடுச்சு... ஆபரேட்டரம்மா, கடைசில பேர் போடு. அன்னைக்குப் போடாம விட்டேன். ‘அம்மா’ன்னு போடு...”

லைன்மேன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடிப்படியில் வாளியோடு நின்ற பெரியவள், அத்தனையையும் கேட்டுவிட்டிருந்தாள்.

வாளி படிக்கட்டில் உருண்டது. அவள் நேரே மாமியார் அறைக்குள் ஓடினாள்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க அத்தை! இது தம்பிக்கு மட்டும் போகல... ஊருக்கே போயிடுச்சு! இருபத்தாறு பேரு!”

“என்னது... எல்லாருக்குமா?” மாமியார் முகம் வெளிறியது.

மகள் பின்னாலேயே வந்தாள். “அம்மா, சித்தப்பா இன்னும் கேக்கல. வண்டி ஓட்டிட்டு இருப்பாரு. எல்லார் போன்லேர்ந்தும் அழிக்கிற வசதி இருக்கும்மா. இப்ப அழிச்சா அவருக்குத் தெரியவே தெரியாது.”

அந்த நேரம் பார்த்துக் குழுவில் இன்னொரு ‘டிங்’. தூரத்து உறவில் ஒரு மாமா, எதையும் கேட்காமல், ரோஜாப்பூப் படத்தோடு ‘இந்த நாள் இனிய நாள்’ என்று அனுப்பியிருந்தார். அவர் தினமும் அனுப்புவார். உலகம் இடிந்தாலும் அனுப்புவார்.

பெரியவள் மாமியாரின் போனைக் கையில் எடுத்தாள். சேதியை அழுத்திப் பிடித்தாள். ‘அனைவருக்கும் நீக்கு’ என்று வந்தது. அதன் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். “அழிச்சிடறேன் அத்தை. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைகுனிவு? நான்தான் பழகிட்டேனே...”

எலும்பும் நரம்புமான கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

“எடு விரலை.”

“அத்தை...”

“சேதி சொன்னது யாரு? நானா, நீயா? சொன்னவ நான் நிக்கறேன், அழிக்க நீ யாருடி? சொன்னதைச் சொன்னபடி அனுப்பறதுதானே உன் வேலை? அன்னைக்குப் பொய்யை அனுப்பச் சொன்னேன், மாத்தாம அனுப்பினே. இன்னைக்கு நிஜத்தைச் சொல்லியிருக்கேன். அதை மட்டும் மாத்துவியா?”

பெரியவளின் விரல் நின்றது. போனை மெதுவாகக் கட்டில் மேல் வைத்துவிட்டு, அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாமனார் செத்தபோது அழ விடாமல் பண்ணினார்களே, அந்த அழுகையும் சேர்ந்து வந்தது.

“என்னை மன்னிச்சிடுடி தங்கம்... நான் பெத்ததுக்குக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்...”

“போங்க அத்தை. இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா எத்தனை துணி மிச்சமாயிருக்கும். உதறி உதறியே கிழிச்சிருக்கேன்!”

அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் கட்டிக்கொண்டு கிடந்ததை, கதவோரம் நின்ற லைன்மேன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தார். துண்டால் மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று கேட்காதீர்கள், பார்த்தார்.

பதினோரு மணிக்கு மகள் சொன்னாள்: “சித்தப்பா கேட்டுட்டாரும்மா.” அதன்பின் எந்தப் பதிலும் இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. மாமியார் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். “வெறுத்துட்டான்... என் புள்ள என்னை வெறுத்துட்டான்...”

மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியவன் தலை பாதி நரைத்திருந்தது. அவன் பின்னால் அவன் மனைவி, கல்யாணப் பெண். சின்னவன் வாசற்படியைத் தாண்டவில்லை.

“அண்ணி, உள்ள வரலாமா?”

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவன் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது.

“உன் வீட்டுக்கு வர உனக்கு என்னப்பா உத்தரவு? வா.”

உள்ளே வந்தவன் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி! ‘நான் இல்ல, அம்மா’ன்னு சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா, அப்பாவைப் பறிகுடுத்த அன்னைக்கே அம்மாவையும் பறிகுடுத்திருப்பே. அன்னைக்கு உன் கோபம் எனக்குத் தெரியாதா? எனக்கு அத்தனை உறவு இருந்துச்சு, தாங்கிக்க உங்க அண்ணன் இருந்தாரு. உனக்கும் அவங்களுக்கும் யாரு இருந்தா?” பெரியவள் நிறுத்தினாள். குரலில் மெல்ல ஒரு கடினம் ஏறியது. “ஆனா ஒண்ணு தம்பி. வலிக்கலைன்னு சொல்லமாட்டேன். உன் பொண்ணு பொறந்ததை நான் அடுத்த வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ முதல் முதலா நடந்ததை, பள்ளிக்கூடம் போனதை, எதையும் பாக்கல. அதை யாராலயும் திருப்பித் தர முடியாது. அதுவும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அவன் தலையாட்டினான். கல்யாணப் பெண்தான் வந்து பெரியவளின் தோளைக் கட்டிக்கொண்டாள். “பெரியம்மா, இனிமே நடக்கறதெல்லாம் உங்க கண் முன்னாடிதான் நடக்கும். வேணும்னா மறுபடி தவழ்ந்துகூடக் காட்டறேன்.”

“இந்தப் புடவையோடயா? கிழிஞ்சுடும்” என்றாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் சின்னவன் இன்னும் உள் அறைப் பக்கம் திரும்பவில்லை. அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயை அவன் பார்த்தும் பாராதது போல இருந்தான். அவன் தாடை இறுகுவதைப் பெரியவள் கண்டுகொண்டாள்.

“தம்பி, கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடத்தானே வந்தே?”

“கூப்பிட இல்ல அண்ணி. வாசல்ல நின்னு வர்றவங்களை வரவேற்க நீங்கதான் வேணும்.”

“சரி, நிக்கறேன். ஆனா நீ போய் உங்கம்மா கையைப் பிடிக்கணும். அப்பதான் வருவேன். எனக்குக் குடுத்தியே ஒரு தண்டனை, அதைத் தூக்கி அவங்களுக்குக் குடுக்க நினைக்காத. ஒரு சேதிக்கு இந்த வீட்ல ஒருத்தி அனுபவிச்சது போதும்.”

சின்னவன் எழுந்தான். நாலடி தூரம்தான். அந்த நாலடியை அவன் கடந்த விதத்தைப் பார்த்தால், தொழிற்சாலை வண்டியிலிருந்து இப்போதுதான் இறங்கி வருகிறவன் போல இருந்தது. “அம்மா...” என்று அவன் சொன்னதும் அந்த அம்மாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். கண் தெரியாதவள் வேறு எப்படிப் பார்ப்பாள்?

“பயந்துட்டேன்டா. உன் வேலைக்குப் பயந்தேன், அப்புறம் உனக்குப் பயந்தேன்...”

“தெரியும்மா. விடும்மா. இப்ப வந்துட்டேன்ல...”

சற்று நேரம் கழித்துச் சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணி, உங்க நம்பர் குடுங்க, குழுவுல சேத்துடறேன்” என்றான்.

“எதுக்கு? தினமும் ரோஜாப்பூ வாங்கிக்கவா? அதெல்லாம் வேணாம் தம்பி. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நேர்ல வந்து சொல்லு. சாப்பிட்டியா, இல்லையா? முகமே வாடியிருக்கு. எல்லாரும் வந்து உக்காருங்க முதல்ல.”

லைன்மேன் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்று குறைந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடி வாங்கி வந்தார்.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரோஜாப்பூ மாமாவும் வந்திருந்தார். அவருக்கு இன்றுவரை என்ன நடந்தது என்று தெரியாது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வரட்டும். வந்தவர்களுக்கு நாற்காலி பற்றாமல் நீங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓடட்டும். நல்ல சேதி சொல்கிற வாயும், அதைப் பொறுமையாகக் கேட்கிற காதும் உங்கள் வீட்டில் ஒரு நாளும் குறையாதிருக்கட்டும். போய் வாருங்கள், நன்றாக இருங்கள்.